நாற்காலியின் உயரம்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. மழை.

இன்று எஸ்டேட் ஆபீசில் என் வீட்டுக்காரருடைய நாற்காலியின் உயரத்தை இறக்கிவிட்டார்கள். அவர் தவறிப்போனபிறகு அவர் பார்த்த வேலையை எனக்குக் கொடுத்து நாலு மாதமாகிறது. தேயிலைக் கொழுந்து எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வெறும் நம்பர்தான், நான் படித்த ஏழாவது போதும். ஆனால் நாலு மணிக்குள் முடிக்காவிட்டால் மேனேஜர் வந்து, "கழிஞ்ஞில்லே சேச்சி?" என்று மலையாளத்தில், இன்னும் முடியவில்லையா எனக் கேட்டபடி முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார்.

வீட்டுக்காரர் நெட்டை. அவர் வைத்திருந்த உயரத்தில் உட்கார்ந்தால் என் கால் தரைக்கு எட்டாது. மத்தியானத்துக்குள் கால் மரத்து இடுப்பு கழன்றுவிடும். பக்கத்து மேசை செல்வி தினமும் சொல்வாள். "சீட்டுக்கு அடில இருக்க அந்தக் கம்பிய இழுத்தா எறங்கிரும்க்கா. ஏன் ஒண்ணாப்புப் பிள்ள மாதிரி காலத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" தொடாதே என்று சொல்லிவிடுவேன்.

இன்று சாப்பிட்டுவிட்டு வந்தால் நாற்காலி இறங்கியிருந்தது.

"வைஞ்சாலும் பரவால்லக்கா. நீங்க நொண்டிக்கிட்டுப் போறதப் பாக்க முடியல," என்றாள் செல்வி.

மறுபடி ஏற்றி வைக்கலாம் என்று கம்பியைப் பிடித்தேன். எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

அப்படியே உட்கார்ந்து வேலை பார்த்தேன். கால் தரையில் பட்டது. நாலு மணிக்கு முன்பே முடிந்துவிட்டது. லயத்து வீட்டுக்கு மேடேறி வரும்போது, இடுப்பு வலிக்கவில்லை என்று தெரிந்து வழியிலேயே நின்றுவிட்டேன்.

நாளைக்கும் வலிக்காது என்றுதான் நினைக்கிறேன்.