செம்புத் தகடு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள். இந்த வருடப் பாதுகாப்புப் பரிசு உங்களுக்கே என்று உங்கள் மேலாளர் போன் செய்தார். "வீட்டுக்காரம்மாவும் மேடைக்கு வரணும்" என்றார். நான் வரவில்லை.

பரிசு நியாயம்தான். வெடிமருந்துக் கழிவை எரிக்கும் உலையில் இத்தனை வருடம் ஒரு விபத்துகூட இல்லை. மருந்து உலராமல் தண்ணீர் தெளித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்புவீர்களாம். அவசரப்படுகிறவனை வெளியே போகச் சொல்லிவிடுவீர்களாம். அவர் சொல்லச் சொல்ல, யாரைப் பற்றிப் பேசுகிறார் என்றே எனக்குப் புரியவில்லை. உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கிற வீட்டை அவர் பார்த்ததில்லை, பாவம்.

பாப்பாவின் கையைப் பற்றி நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கட்டுப் பிரித்தாயிற்று.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உலைக்கூடத்துக்குள் ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது, அதனால் உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவோம் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னீர்களே. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நம் வீட்டு இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். "எதுக்குடி இது?" என்று கேட்டேன்.

"உள்ள அப்பா இருக்காரும்மா. வெடிச்சிடக் கூடாதுல்ல?"

நாங்கள் வந்திருக்கும் என் அக்கா வீட்டிலும் இரும்புக் கேட்தான். வந்த புதிதில் அதையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்று தொடாமலே உள்ளே ஓடி வந்தாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா