பாலாற்றுத் தோலில் மூன்று வெட்டு

ஆம்பூர்
1934 பிப்ரவரி 6

ரங்கூனில் இருக்கும் என் மூத்த மகள் அமிர்தவள்ளிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் உன் தம்பி அந்தோணியும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக வலித்துக்கொண்டிருக்கிறது. நீ சுகமா, உன்னிடம் சித்திரம் படிக்கும் பிள்ளைகள் சொன்ன பேச்சுக் கேட்கிறார்களா, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாயா என்று எழுது. உன் கடிதத்தில் முக்கால்வாசி ஆறும் கப்பலும் மலையுமாகவே இருக்கிறது, நீ சாப்பிட்டாயா என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தோணி நான் வேலை பார்க்கும், தோல் பதம் போடும் ஷாப்புக்கு வரமாட்டேன், ரயில்வேயில்தான் சேருவேன் என்று நிற்கிறான், எல்லாம் உன்னைப் பார்த்து வந்த வினை.

சென்னைக் கண்காட்சிக்குக் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய படப் பார்சல் வந்தது. அதில் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன், கோபப்படாமல் கடைசிவரை படி. பார்சல் வீட்டுக்கு வராமல் தோல் ஷாப்புக்கே வந்தது, நான் தரம் பிரிக்கும் மேசையருகில் நின்ற நேரம். பிரித்ததும் மேலே ஆட்டுத்தோல் ஒன்று சுருட்டியிருந்தது. நம் ஊர் ஆவாரம்பட்டையில் பதம் போட்டது என்று தொட்டதுமே தெரிந்தது, மற்றப் படங்கள் கசங்காமல் இருக்கச் சுற்றியிருக்கிறாய் என்று நினைத்தேன். கை சும்மா இருக்குமா? முப்பது வருஷமாக மயிர்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்து வால் ஓரத்தில் வெட்டுப் போடுகிற கை, முதல் தரத்துக்கு ஒன்று, இரண்டாந்தரத்துக்கு இரண்டு, கழிவுக்கு மூன்று. உன் தோலில் ஐந்தாறு உண்ணிக்கடி ஓட்டை, கழுத்தில் உரிக்கும்போது கத்தி பட்ட கிழிசல். யோசிக்காமல் மூன்று வெட்டுப் போட்டுக் கழிவு அடுக்கில் வீசிவிட்டேன். என்னோடு தரம் பார்க்கும் ரஷீத் அஹமதுதான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, இன்னா ஆரோக்கியம், பின்னால ஆறு ஓடுது, நீ பாட்டுக்கு வெட்டிப் போட்டுட்ட என்றார்.

சதைப்பக்கத்தில் நம் பாலாறு. ஒரு பாதியில் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த வெள்ளம், நீலத் துணிக் கிழிசலும் நூலுமாக, மறு பாதியில் இப்போதைய வெறும் மணல், நிஜ மணலையே பசை போட்டு ஒட்டியிருக்கிறாய். கரையில் பட்டைத்தூளால் தோல் ஷாப்புகள், மெழுகு நூல் தையலில் ரயில் பாதை. நான் கழித்த அந்த உண்ணிக்கடி ஒவ்வொன்றும் மணலில் தோண்டிய ஊற்று, அந்தக் கத்திக் கிழிசல் வெள்ளம் உடைத்த கரை. பட்டை இடிக்கும் முனியம்மா வந்து, இதுதான் நான் தண்ணி மொள்ற ஊத்து என்று விரல் வைத்துக் காட்டினாள். என் மகள் என்று ஒரு பக்கம் பெருமை, என் கையை நானே கடித்துக்கொள்ளலாம்போல ஒரு பக்கம் ஆத்திரம். உன்னைக் கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் கண்காட்சி முடிந்துவிடும். வெட்டைத் தைத்து மறைக்கலாம் என்று வீட்டில் ஊசியை எடுத்தேன், அம்மா பிடுங்கிக்கொண்டு, பொண்ணு செஞ்சதைக் கண்ணால பாக்கமாட்டியா, கையாலதான் பாப்பியா, போதும் வை என்றாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் ஏழு படங்களோடும் சென்னை போனேன். கண்காட்சி நடத்தும் அம்மாள் நெல் உமியும் கப்பல் சீட்டும் ஒட்டிய உன் ஐராவதி ஆற்றுப் படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். பாலாறு வந்ததும், ஓரத்தில் இந்த மூன்று வெட்டும் படத்தைச் சேர்ந்ததா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், நாக்கு வரவில்லை. கழிவு என்று நாங்கள் போடும் அடையாளம் என்றேன். அந்த அம்மாள் தயங்கி, பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள், இதை மட்டும் விட்டுவிடலாமா என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தோலில் தப்பில்லை, தரம் பார்த்தவனிடம்தான் தப்பு, அவன் நான்தான், நீங்கள் மாட்டுங்கள், கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன் என்றேன். நடுச்சுவரில் மாட்டினார்கள்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு நாள் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். உன் படங்களில் அதன் முன்னால்தான் கூட்டம் ஜாஸ்தி. கப்பல் கம்பெனிக்காரர்கள், காலேஜுப் பிள்ளைகள், இரண்டு வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வெட்டைக் காட்டிக் கேட்டார்கள். நான் போட்ட வெட்டைத் தப்பென்று மேனேஜரே சொன்னபோதும் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை, அது உனக்கே தெரியும். அங்கே வந்தவர்களிடமெல்லாம், தப்பாகத் தரம் போட்டுவிட்டேன், இது முதல் தரம், செய்தது என் மகள் என்று நானாகவே சொன்னேன். வாய் வலித்தது, வெட்கமாக இல்லை.

வெட்டைத் தைக்கட்டுமா, அப்படியே இருக்கட்டுமா என்பது உன் இஷ்டம், எழுது. இனி தோலில் படம் செய்தால் மயிர்ப்பக்கத்தில் பெரிய எழுத்தில் இது படம் என்று எழுதி அனுப்பு, பழக்கம் பொல்லாதது. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதே. போகிற வழியெல்லாம் மாதாவின் துணை உனக்கு இருக்கட்டும், உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் அப்பா
மு. ஆரோக்கியசாமி