வெள்ளை விழுந்த இலை

ஜூன் 8, ஞாயிறு

இன்று நர்சரியில் மானம் போனது. எழுதி வைத்தால் திரும்பி வந்துவிடாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பாப்பா சிநேகிதி வீட்டுக்குக் கிளம்பும்போது பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனாள். (இருபத்து நாலு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடுகிறேன். எழுதும்போதாவது மாற்றலாம் என்று பார்த்தேன், வரவில்லை.) ஊற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓரத்தில் ஒரு பெரிய செடி நின்றது. இலையெல்லாம் பூச்சி தின்ற மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. போதாததற்குச் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை வேறு. ஓர் இலை பாதிக்குப் பாதி வெளுத்தே போயிருந்தது. ஆசையாக வளர்க்கிற பிள்ளை, கவனிக்காமல் விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன். நான் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவன். திட்டு என்று ஒன்று கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. கத்தரியை எடுத்து வெள்ளை விழுந்த இலைகளையெல்லாம் காம்போடு நறுக்கினேன். கடைசியில் பச்சையாக ஒரே ஓர் இலை மிஞ்சியது. அதை ஈரத்துணியால் துடைத்து மெருகு வேறு ஏற்றினேன்.

வெட்டிய இலைகளைப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போய், இதற்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டேன். நர்சரிக்கார அம்மா பைக்குள் பார்த்தார். அப்படியே பக்கத்தில் இருந்த உர மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இந்த வெள்ளைக்காகத்தான் ஜனங்க இதைத் தேடி அலையுறாங்க. நீங்க அதை மட்டும் பாத்துப் பாத்து வெட்டியிருக்கீங்க."

அப்போ ஓட்டை? அதுவும் அப்படித்தானாம். செடி வாங்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய? செடிக்குப் பெயர் மான்ஸ்டெராவாம். என் காதில் மான்ஸ்டர் என்று விழுந்தது. ராட்சசனைக் கத்தரியால் வென்றவன் என்று எனக்கு ஒரு பட்டம் கொடுத்துக்கொள்ளலாம்.

சிரிப்பெல்லாம் வீட்டு வாசல் வரைதான்.

ஜூன் 9, திங்கள்

பாப்பா நேற்று மாலையே வந்துவிட்டாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. மொட்டைச் செடியின் முன் கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். பிறகு கேட்டாள்:

"நோயின்னு நெனச்சீங்களாப்பா?"

"ஆமா பாப்பா."

"வெள்ளையா இருந்ததாலயா?"

ஆமா என்று சொல்ல வாயெடுத்தவன், அப்போதுதான் தொட்டியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன்.

முதலில் விரல் முட்டியில் ஒரு பொட்டளவுதான் வெளுத்தது. பிறகு மணிக்கட்டு வரை வந்தது. இந்த வருஷம் உதட்டோரத்தில். ஒட்டாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, நிறம் மட்டும்தான் போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு டாக்டர் சொன்னது போதவில்லை. கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் முகத்துக்குப் பக்கத்தில் அவள் கை போகிறது அல்லவா? கவுண்டரில் இருந்தவளைப் பின்னறையில் பெட்டி அடுக்கச் சொன்னார். இவள் வேலையை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து பால்கனிதான் உலகம். அந்த உலகத்தில்தான் நான் கத்தரியோடு நுழைந்திருக்கிறேன்.

"அப்படி இல்ல பாப்பா, அது வேற, இது வேற" என்று உளறினேன்.

"நான் எதுவுமே சொல்லலையேப்பா" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டிப் பள்ளத்தைப் பட்டி வைத்து அடைக்கிறேன், என் வாயை எதை வைத்து அடைப்பது?

ஜூன் 12, வியாழன்

மனைவி சோறு போடுகிறாள், பேச்சுப் போடுவதில்லை. இன்று ஒரே ஒரு வாக்கியம் கிடைத்தது. "பட்டறைக் கையைப் பட்டறையிலேயே கழட்டி வெச்சிட்டு வாங்க."

ஜூன் 15, ஞாயிறு

பாப்பாவே வந்து, நர்சரிக்குத் தொட்டியைத் தூக்கிவர ஆள் வேண்டும் என்றாள். மன்னிப்பு இல்லை, கூலி வேலைதான். அதுவே போதும் என்று கிளம்பினேன். முழுக்கைச் சட்டை போட்டு, துப்பட்டாவால் மூக்குக்குக் கீழே சுற்றிக்கொண்டு வந்தாள்.

நர்சரிக்கார அம்மா என்னைப் பார்த்ததும் அங்கே கிடந்த கத்தரிகளை எடுத்து ஒளித்து வைக்கிற மாதிரி பாவனை செய்தார். பிறகு தொட்டியை மெல்லத் திருப்பி, தண்டைப் பாப்பாவிடம் காட்டினார். தண்டில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அந்தக் கோடு இருக்கும் பக்கத்தில் குருத்து வந்தால் வெள்ளையோடு வரும். இல்லாவிட்டால் வெறும் பச்சைதான். கோடு உயிரோடு இருக்கிறது, பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார்.

அதோடு வந்திருக்கலாம். எனக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியாதே. இவ்வளவு செடி தெரிந்தவருக்கு ஒரு பச்சிலை தெரியாமலா இருக்கும் என்று நினைத்து, "என் பொண்ணுக்கு ரெண்டு வருஷமா..." என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் பாப்பா தெருவில் இருந்தாள்.

தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் சொன்னாள்: "நீங்க 'என் பொண்ணு'ன்னு ஆரம்பிச்சா அது மருந்துலதான்பா முடியும். இனிமே யார்கிட்டயும் அப்படி ஆரம்பிக்காதீங்க. எனக்காக."

யோசித்துப் பார்த்தேன். பெயின்ட் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் கேன் போடுபவரிடம் சொல்லியிருக்கிறேன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட அன்று, திறந்துவிட வந்த ஆளிடம்கூட. அவர் ஒரு எண்ணெய் சொன்னார். நான் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

சரி என்றேன். இது சட்டம்.

ஜூன் 21, சனி

மருந்து வேண்டாம் என்றுதானே சொன்னாள்? பூச்சு வேண்டாம் என்று சொல்லவில்லையே. நம் மூளை இப்படித்தான் குறுக்குச் சந்தில் ஓடும்.

முகத்துக்குப் பூசும் கிரீம் மூன்று ஷேடில் வாங்கி, பட்டறையில் ஒரு டப்பா மூடியில் கலக்கினேன். வண்டிக் கலர் மேட்ச் பண்ணுவதில் இந்த வட்டாரத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று நசுங்கல் எடுக்கும் எங்கள் டிங்கரே ஒத்துக்கொள்வான், அவன் யாரையும் புகழாதவன். கொஞ்சம் மஞ்சள் தூக்கல், துளி சிவப்பு. வந்துவிட்டது. ஒரு டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கையில் பூசிப் பார்த்தாள். திட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"பட்டறை டியூப்லைட்ல கலந்தீங்களா? வெயில்ல பாருங்க, சாம்பலா அடிக்குது."

போய்ப் பார்த்தேன், அடித்தது. பெயின்ட்காரன் பெற்ற பிள்ளை அல்லவா! எந்த வெளிச்சத்தில் பார்த்தோம் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதில் என்னையே பெயிலாக்கிவிட்டாள். மறுபடி வெயிலில் வைத்துக் கலந்து தருகிறேன் என்றேன். கையைக் கழுவிக்கொண்டே, "நான் வெயில்லயும் இருப்பேன், டியூப்லைட்லயும் இருப்பேன். எத்தனை டப்பாப்பா கலப்பீங்க?" என்று கேட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

சும்மா இருப்பது எப்படி என்று பழகுகிறேன். பால்கனியில் ஸ்டூல் போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தொடாமல் பார்ப்பது.

பார்த்தால் வயிற்றெரிச்சல்தான். ஒரு அலோகேசியா இருக்கிறது. யானைக் காது மாதிரி இலை, கறுப்பு, அதில் ஒரு உலோகப் பளபளப்பு. அந்த ஷைன் வர நான் எத்தனை கோட் அடித்து எத்தனை முறை தேய்க்க வேண்டும்! அது மண்ணைத் தின்றுவிட்டுச் சும்மா நிற்கிறது. பக்கத்தில் ஒரு பிகோனியா, வெள்ளி நிறத்தின் மேல் ரோஜா நிறம், ஓரத்தில் கறுப்பு. எந்த வண்டிக்காரராவது இந்த மூன்றையும் ஒரே கதவில் கேட்டால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பேன். இதற்கு எப்படிப் பொருந்துகிறது?

எல்லாம் திட்டுதான். எதுவும் மேட்ச் ஆகவில்லை. நன்றாக இருக்கிறது.

ஜூலை 2, புதன்

மரந்தா என்ற செடி பொழுது சாய்ந்ததும் இலைகளை மடித்து நிமிர்த்திக்கொள்கிறது. வாடிவிட்டது என்று பதறிப்போய்ப் பாப்பாவைக் கூப்பிட்டேன். "தூங்குதுப்பா" என்றாள். சின்னதாக ஒரு சிரிப்பு. எனக்குத்தான், செடிக்கில்லை.

ஜூலை 6, ஞாயிறு

குருத்து இல்லை. தண்டையே முறைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்கிறதோ என்னவோ.

பாப்பா இப்போது தனியாக நர்சரிக்குப் போகிறாள். முதலில் மண் கலவை கேட்க என்று போனாள். பிறகு கலாடியம் என்ற இலைச்செடியின் கிழங்கு வாங்க. இப்போது காரணம் சொல்வதில்லை. அங்கே வருகிறவர்களுக்கு எந்தச் செடி எந்த ஜன்னலுக்கு ஆகும் என்று இவள்தான் சொல்கிறாளாம். நிழல்வலைக்குள் புழுக்கம் தாங்காமல் ஒருநாள் துப்பட்டாவைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டாள் என்று நர்சரிக்கார அம்மா போனில் சொன்னார் (என் மனைவியிடம், என்னிடம் இல்லை. என்னிடம் யார் சொல்வார்கள்?). எடுக்க மறந்து அப்படியே வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாங்கள் இருவரும் கவனிக்காத மாதிரி டி.வி. பார்த்தோம். டி.வி. ஓடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 17, வியாழன்

குருத்து! சுருட்டிய பாய் மாதிரி, கூர்மையாக. வெளிப்பக்கம் முழுக்கப் பச்சை.

முழுக்க.

அவள் பார்த்துவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். பட்டறையில் இன்று ஒரு பம்பரை இரண்டு தடவை தேய்த்தேன், காரணமே இல்லாமல். என்னால் அந்த வெள்ளை போயிருந்தால்? வாங்கிக் கொடுத்துவிடலாம், வேறு செடி. அதுவா கேள்வி?

ஜூலை 30, புதன்

காலையில் சட்டையில் பாதிக் கை நுழைத்திருந்தேன். "அப்பா!" என்று ஒரு கத்தல். அம்மா இல்லை, அப்பா. ஒரு கையோடு ஓடினேன்.

இலை விரிந்திருக்கிறது. சுருளின் உள்பக்கமாக ஒளிந்திருந்த பாதி, பால் வெள்ளை. நடு நரம்பில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி. மறு பாதி பச்சை, அதில் தூறல் மாதிரி வெள்ளைப் பொட்டுகள். மாஸ்கிங் டேப் ஒட்டி நான் அடித்தால்கூட அந்த ஓரம் அவ்வளவு சுத்தமாக வராது.

"பாத்தியா பாப்பா, இந்த இலை மாதிரிதான் மனுஷனும்..." என்று தொண்டையைச் செருமினேன்.

"என்னையும் செடியையும் சேத்து ஏதாவது தத்துவம் சொன்னீங்க, இந்தத் தண்ணி உங்க தலையிலதான்." குவளையைத் தூக்கிக் காட்டினாள். சிரித்துக்கொண்டேதான். ஆனால் செய்திருப்பாள்.

இன்னொரு விஷயம். அடுத்த மாதம் பத்தாம் தேதி ஒரு செடிக் கண்காட்சி. நர்சரிக்கார அம்மா இலைச்செடிகளுக்கென்று தனி ஸ்டால் போடுகிறார். அதில் நின்று விளக்கம் சொல்லச் சம்மதமா என்று பாப்பாவைக் கேட்டிருக்கிறார். நாள் பூராவும், அத்தனை ஜனத்துக்கு நடுவில். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போகிறாளாம். எனக்கு மூட்டை தூக்கும் பதவி. பஸ் நிறுத்தத்தில் போட்ட பழைய சட்டம் அமலில் இருக்கும் என்று நினைவூட்டினாள்.

நான் கலந்து கொடுத்த கிரீம் டப்பா கழுவிய நிலையில் பால்கனியில் இருக்கிறது. உள்ளே ஈர மண், ஒரு கலாடியம் கிழங்கு. அடியில் ஓட்டைகூடப் போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தாள். முகத்தில் எதுவும் சுற்றவில்லை. என் மனைவி வாசலில் நின்று, குடை எடுத்தாயா என்று மட்டும் கேட்டாள். மழைக்கான அறிகுறியே இல்லை.

நம் மான்ஸ்டெரா ராட்சசன் ஸ்டாலுக்கு நடுவில் நின்றான், விற்பனைக்கில்லை என்ற சீட்டோடு. நான் பின்னால் தொட்டிகளுக்கு நடுவே பூவாளியோடு நின்றேன். காலையில் கூட்டம் இல்லை. பாப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பத்தரை மணிக்கு மேல் ஜனம் வர ஆரம்பித்தது. வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். கைகட்டிக்கொண்டு இலையைத் திருப்பிக் காட்ட முடியாதே, கை தானாக முன்னால் வந்துவிட்டது.

மதியம் ஓர் அம்மாள் வந்தார், என் வயதுதான் இருக்கும். வெள்ளை இலையைப் பார்த்தார், அதைத் தாங்கியிருந்த கையைப் பார்த்தார், மறுபடி இலையைப் பார்த்தார்.

"இது ஏதாவது நோயாம்மா?"

எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. பூவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாப்பா கையை எடுக்கவில்லை.

"இல்லீங்க. இதோட நிறமே இப்படித்தான். உச்சி வெயில் மட்டும் வெள்ளைக்கு ஆகாது, கருகிடும். மத்தபடி நல்லா இருக்கும்."

அப்படியா, அழகாத்தான் இருக்கு என்றார் அந்த அம்மாள். பிறகு ஒரு பிகோனியாவும் இரண்டு மரந்தாவும் எடுத்தார். மரந்தா மாலையில் தூங்கும், பதற வேண்டாம் என்று பாப்பா அவரிடம் சொல்லும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர் கார் வரை போனேன். டிக்கிக் கதவில் ஒரு பழைய கீறல். யாரோ டச்சப் அடித்து, கலர் சேராமல் விட்டிருக்கிறார்கள். பார்த்தேன், பேசாமல் தொட்டிகளை இறக்கினேன். முன்னேற்றம்தான்.

கதவைச் சாத்தும்போது அவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு எவ்வளவு பொறுமையா சொல்லித்தருது! யாருங்க, கடைக்காரங்க பொண்ணா?"

"அங்கதாங்க வேலை பாக்குறாங்க" என்றேன்.

நாக்கு நுனியில் இரண்டு வார்த்தை வந்து நின்றது, பின்னால் ஒரு மருந்தும் இல்லாமல். என் பொண்ணு.