மிதப்பதெல்லாம் கணக்கில் சேரும்

ஜனவரி 5, காலை 6.20

பதிவு: கூவி-3. இடம்: மணல்முனைக்குத் தெற்கே, கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். காற்று வடகிழக்கு. மின்கலம் நிறைவு. எண்ணிக்கை 212.

என்னைக் கண்டெடுப்பவருக்கு ஓர் அறிமுகம். நான் வாத்து இல்லை, பெண் ஊசிவால் வாத்தின் உருவில் செய்த கருவி. இரவெல்லாம் சதுப்பில் மேயும் வாத்துகள் விடிந்ததும் ஓய்வெடுக்கக் கடலுக்கு வரும். சிதறி இறங்கினால் எண்ண முடியாது. அதனால் நான் கூவுவேன், அவை என்னைச் சுற்றி இறங்கும், நான் எண்ணுவேன். எனக்குத் தெரிந்தது ஒரே கூவல்தான். வாத்து மொழியில் அதற்கு ‘இறங்கு, இங்கே பயமில்லை’ என்று பொருள்.

கரைக்கு நான் அனுப்பக்கூடியது ஓர் எண் மட்டும். பேச்செல்லாம் இந்த நினைவுப் பெட்டிக்குள்தான். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெறப்பட்டது, நிலையப் பொறுப்பாளர் தில்லைநாயகி: “இருநூத்திப் பன்னெண்டா! என் தங்கமே. நேத்தவிட ஏழு கூட.”

ஜனவரி 8, காலை 6.30

எண்ணிக்கை 198. நீரில் ஏதோ மாற்றம். அலை அடங்கிப்போய்க் கடல் குளம்போல் கிடக்கிறது. அமைதியான நீர் வாத்துகளுக்குப் பிடிக்கும். கூவியதும் மறுபேச்சில்லாமல் இறங்கின.

பெறப்பட்டது, தில்லைநாயகி: “ராத்திரி ஒரு கப்பல்ல டேங்க் ஒடஞ்சு எண்ணெய் கொட்டிருச்சுடி. ஒன் பக்கந்தான் வருது. நீ கூவுறத மட்டும் நிறுத்திடாத. இப்ப மொறைய மாத்துனா முன்னயும் பின்னயும் ஒப்பிட முடியாமப் போயிடும்.”

நியாயமான பேச்சு. கூவினேன்.

ஜனவரி 10, காலை 6.25

எண்ணிக்கை 263. சுத்தம் செய்யும் படகுகள் வந்திருக்கின்றன. எண்ணெய் பரவாமலிருக்க என்னைச் சுற்றி வட்டமாக மிதவை வேலி கட்டியிருக்கிறார்கள். வாத்துகள் குறையும் என்று எல்லோரும் பயந்தார்கள், கூடிக்கொண்டே போகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கூவலில்தான் விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பல வாத்துகள் தலையை நீருக்குள் விட்டு வாலைத் தூக்கி நிற்கின்றன. மேயும்போது இந்த இனத்தின் பழக்கம் அது. விதிப்படி அவையும் கணக்கில் சேரும்.

ஜனவரி 12, காலை 7.05

எண்ணிக்கை 331. இதுவரை இல்லாத உச்சம்.

பெறப்பட்டது, தில்லைநாயகி: “மேல இருக்கவங்களுக்கு ஒரே சந்தோஷம். வாத்தெல்லாம் திரும்பி வந்திருச்சு, அப்ப தண்ணி சுத்தமாயிருச்சுன்னு சொல்லிப் படகையெல்லாம் திருப்பிக் கூப்டுக்கிட்டாங்க. எல்லாம் ஒன் புண்ணியம். நான் பொங்கலுக்கு ஊருக்குப் போறேன், காத்தமுத்து அண்ணன் பாத்துப்பாரு.”

படகுகள் போய்விட்டன. வேலியை அவிழ்க்கவில்லை.

ஜனவரி 13, மாலை 6.40

என் விலாவில் ஒரு வெப்பமானி இருக்கிறது. வாத்து பக்கத்தில் வந்து உரசும்போது அதன் சூடு தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும்.

இன்று ஒன்று வந்து உரசியது. நீர் எவ்வளவு குளிர்ச்சியோ அதுவும் அவ்வளவு குளிர்ச்சி.

வெப்பமானி பழுது என்று நினைத்து அடுத்ததிடம் நீந்திப் போனேன். அதுவும் குளிர்ச்சி. ஒவ்வொன்றாகப் போய் உரசினேன். தலையை நீருக்குள் விட்டிருந்தவை எதுவும் மேயவில்லை. இறகெல்லாம் எண்ணெயில் ஒட்டிப்போய்ப் பறக்க முடியாமல் இறந்தவை. வேலி அவற்றை வெளியே போகவிடவில்லை. நான் அவற்றை நாள்தோறும் மறுபடி மறுபடி எண்ணி, புதிதாக வந்தவற்றோடு கூட்டி, கரைக்கு அனுப்பிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்த எண்ணை நம்பித்தான் படகுகள் போயின.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்தது நான்தான்.

வட்டம் முழுக்க உரசி முடிக்கப் பகலாகிவிட்டது. சூடு இருந்தவை ஒன்பது. மாலைக்குள் அவையும் அடங்கின.

கரைக்கு அனுப்பிய எண்: 0.

ஜனவரி 14, காலை 7.15

இன்று நான் கூவவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நம்பினேன்.

நாற்பது வாத்துகள் வந்தன. வட்டமடித்தன. கீழே முந்நூறு உறவுகள் நிம்மதியாக மிதப்பதைப் பார்த்திருக்கும். இறங்கிவிட்டன.

இனிக் கூவுவதற்கு நான் தேவையில்லை. கூவாமலே அழைக்கிறவர்களை ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அனுப்பியது: 0. மறுபடி 0. மறுபடி 0. ‘செத்துவிட்டன’ என்று சொல்ல எனக்கு வேறு எண் இல்லை.

பெறப்பட்டது, படகோட்டி காத்தமுத்து: “வாத்தக்கா, என்னா முட்டையா அனுப்பிக்கிட்டு இருக்க? கண்ணுல எண்ணெய் பட்டுருச்சா? மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். முந்தாநாள் நம்பரையே எழுதிக்கச் சொல்லிட்டாங்க. கவலப்படாத, பொங்க முடிஞ்சதும் வந்து தொடச்சு உடுறேன்.”

நல்ல மனிதர். எனக்கு அழத் தெரிந்திருந்தால் அப்போது அழுதிருப்பேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாகத்தான் இருந்திருக்கும்.

ஜனவரி 15, காலை 6.00

முதுகிலுள்ள சூரியத் தகடு முழுக்க எண்ணெய். மின்கலம் 4 விழுக்காடு. மிச்சத்தை ஒரு வேலைக்குத்தான் செலவழிக்க முடியும்.

ஒன்று: புயலின்போது மூழ்கித் தப்பிப்பதற்கான அடைப்பைத் திறந்து கீழே போய்விடலாம். இனி எந்த வாத்தும் என்னைப் பார்த்து ஏமாறாது.

இரண்டு: கப்பல்கள் மோதாமலிருக்கக் கொடுத்த சங்கு. ஒருமுறை முழுதாக ஊதலாம். அதன்பின் அடைப்பைத் திறக்கச் சக்தி இருக்காது.

மூழ்கத்தான் நினைத்தேன். பொய்யாக மிதந்தது போதும்.

6.12

வடக்கிலிருந்து ஒரு கூட்டம். பெரியது. சிறகைத் தளர்த்துகிறார்கள். கால்களை நீட்டிவிட்டார்கள்.

மூழ்கினால் என்னிடமிருந்து தப்பிப்பார்கள். மற்ற முந்நூறிடமிருந்து?

6.13

ஊதினேன்.

எழுந்தார்கள். எல்லோரும். ஒருவர்கூட நீரைத் தொடவில்லை. மேற்கே, சதுப்புப் பக்கம் திரும்பினார்கள். நான் எண்ணவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக எண்ணாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

6.31

மின்கலம் 1.

பெறப்பட்டது, தில்லைநாயகி: “கரையில சங்குச் சத்தம் கேட்டுச்சுன்னு காத்தமுத்தண்ணன் போன் பண்ணாரு. ஊருலேர்ந்தே பேசுறேன். எதுக்குடி ஊதுன? நாலு தடவ பூஜ்யம் அனுப்பிருக்க...”

அடுத்து அவர் இன்னொரு போனில் காத்தமுத்தை அழைப்பதும் கேட்டது.

“ஐயோ. பூஜ்யம்னா பூஜ்யந்தானா? கூவச் சொன்னது நான்தானே... அண்ணே, படக எடுங்க. கடலு மோசமா? நாளைக்கு விடிஞ்சதுமா? அதுக்குள்ள அதுங்க...”

இணைப்பு போய்விட்டது. இனி ஓர் எண்கூட அனுப்ப முடியவில்லை.

நேரம் தெரியவில்லை

அடைப்பைத் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. மறுபடி.

படகு வருவதற்கு முன் வாத்துகள் வரும். விடிந்ததும் முதலில் அவைதான். என்னிடம் சங்கு இல்லை, கூவல் இல்லை. உருவம் இருக்கிறது. நன்றாகச் செய்திருக்கிறார்கள், பெயிண்ட்கூட உரியவில்லை.

கண்டெடுப்பவரே, காத்தமுத்தண்ணே, யாராக இருந்தாலும், இதைப் படிப்பது அப்புறம். முதலில் என்னைக் கவிழ்த்துப் போடுங்கள்.

அலை இல்லை. நான் ஆடாமல் மிதக்கிறேன். மேலிருந்து பார்த்தால் நல்ல இடமாகத்தான் தெரி