வலது பக்கத்தில் உன் பெயர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இப்படி நேரங்கெட்ட நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, தங்கச்சி தூங்கி அப்பாவும் படுத்த பிறகுதான் மேசை கிடைத்தது. இங்கே மூவரும் கர்த்தர் கிருபையால் நலம். உன் நலத்தைத்தான் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. உங்கள் முகாமிலிருந்து சாமான் வண்டி இரண்டு தடவை வந்து போய்விட்டது, உன் கடிதம் இல்லை. போன கடிதத்தில், சுரங்கப்பாதைச் சுவரில் ஒரு வாரமாய்த் தண்ணீர் கசிகிறது, சொன்னால் என்ஜினியர் சிரிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை வாசித்தேனோ.

லெந்து தபசுக்காலம் தொடங்கி நாலு புதன் ஆகிவிட்டது. பீடத்தில் ஊதாத் துணி, பூ கிடையாது, அல்லேலூயா கிடையாது, உனக்குத் தெரியாததா. சாயங்கால ஜெபத்துக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று போதகர் இந்த வருஷம் வேண்டுதல் நோட்டை என் தலையில் கட்டிவிட்டார். இடது பக்கம் நோயாளிகளும் தூரத்தில் இருப்பவர்களும், வலது பக்கம் இந்த வருஷம் இறந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்கள். இடது பக்கப் பெயர்களுக்குச் சபையார் “இரக்கமாயிரும்” என்பார்கள். வலது பக்கத்துக்குச் சத்தமே இல்லை, பெயருக்கு ஒன்றாக, பீடத்து விளக்குகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டு போவார். நேற்றுத் தங்கச்சிக்குக் காய்ச்சல், ஒரு கை அவள் நெற்றியில், மறு கையால் பெயர்களை நகலெடுத்தேன்.

இன்று போதகர் வலது பக்கத்தை வாசித்துக்கொண்டே வந்தார். தையல்காரரின் அம்மா, பழைய தலைமையாசிரியர், அடுத்து உன் பெயர், அப்பா பெயரோடு முழுசாக. அவர் திடுக்கிட்டு நிறுத்துவதற்குள் கோயில்பிள்ளை பழக்கத்தில் அணைத்தும்விட்டார். அப்பா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. தங்கச்சி, “அம்மா, அண்ணன் பேரை ஏன் இதுல வாசிக்கிறாங்க?” என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். போதகர் தாமே வந்து ஏற்றினார், திரி மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது. பிறகு நோட்டைத் திருப்பிப் பார்த்தேன், இடது பக்கத்தில் நீ இல்லவே இல்லை. அப்படியென்றால் இன்று உனக்காக ஒருவரும் இரக்கம் கேட்கவில்லை.

வாசலில் கோயில்பிள்ளை, “ஆண்டவருக்கு விலாசம் குழம்பாதும்மா, தபால்காரருக்குத்தான் குழம்பும்” என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். அவர் முகத்திலேயே சிரிப்பு இல்லை. வீட்டில் அப்பா, “படிச்சவதானே நீ, தூக்கக் கலக்கத்துல எழுதினதுக்குப் போய் இப்படி உக்காந்திருக்கியே” என்று அதட்டினார், அதட்டியவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். கைத்தவறு என்று எனக்கும் தெரியும். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள், உன் பெயரை எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கை தவறியதில்லை. அதுதான் தூக்கம் வரவில்லை.

கசிவு பெரிதானால் யார் முகத்தையும் பார்க்காதே, வெளியே வந்துவிடு. வேலை போனால் போகட்டும். நனைந்த காலுறையோடு படுக்காதே. சின்னதில் சொல்லிக்கொடுத்த ராத்திரி ஜெபத்தை முழுதும் சொல்லிவிட்டுப் படு, பாதியில் தூங்கிவிடாதே. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. அடுத்த புதனுக்குள் நோட்டை எழுதிக் கொடுக்க வேண்டும், இன்னும் பேனாவைத் தொடப் பயமாக இருக்கிறது. பெரிய கடிதமெல்லாம் வேண்டாம், சுகமாயிருக்கிறேன் என்று உன் கையால் ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா