அண்ணனுக்கு எழுதிய கேள்விகள்

மார்ச் 5, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டினேன். மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, வீணாய்ப்போன பில்லின் பின்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கான கேள்விகளை எழுத உட்கார்ந்தேன். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டு வினாடி வினா நின்றே போயிருந்தது. நேற்று அண்ணி போன் செய்தார். "மறுபடி ஆரம்பிம்மா. உன் கேள்வின்னா அவருக்கு உயிராச்சே. அதுக்காவது வாயத் திறக்கறாரான்னு பாப்போம்."

முன்பெல்லாம் நான் கேள்வியைப் பாதி படிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அவரை எப்படியாவது திணறடிக்க வேண்டும் என்றே மண்டையை உடைத்துக்கொள்வேன். இப்போது அவருக்கு நிச்சயம் தெரிந்ததாகத் தேடுகிறேன். இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் வீட்டுக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான், என் வீட்டுக்காரர்.

"எந்தக் கிரகத்துல வருஷத்தைவிட நாள் நீளம்?"

அண்ணன் முகம் அப்படியே மலர்ந்தது. நல்ல கை உயர்ந்தது. தெரியும் அவருக்கு! "வந்து..." என்றார். "வந்து... வந்து..."

மகளுக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளிதானேப்பா?"

உதவி என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிச்சம் இருக்கிறது. வந்து, வந்து என்கிறார். ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 12

அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணைப் பார்த்தேன். "அவருக்குத் தெரியுதுங்க, சொல்லத்தான் வரல. கையால காட்டுற மாதிரி கேளுங்க."

அட, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? மத்தியானம் முழுக்க லென்ஸ் டப்பா அட்டைகளை வெட்டி, மிருகப் படங்களாக ஒட்டினேன். முதலாளி ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

"நின்னுக்கிட்டே தூங்கறது எது?"

அண்ணன் குதிரையைத் தொட்டார். கை தட்டினோம்.

"மூணு இதயம் இருக்கறது எது?"

ஆக்டோபஸ். பலமாகத் தட்டினோம். என் வீட்டுக்காரர் விசிலே அடித்தார்.

மூன்றாவது கைதட்டலில் அண்ணன் அட்டைகளை மொத்தமாக வாரித் தள்ளிவிட்டார். தரையெல்லாம் மிருகங்கள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடக்கப் பழகும் குழந்தைக்குத் தட்டுவதுபோல் தட்டியிருக்கிறோம். ஊரையே வாயடைக்க வைத்த மனுஷனுக்கு! எனக்கு எங்கே போச்சு புத்தி?

அண்ணி குனிந்து அட்டைகளைப் பொறுக்கினார். "இனிமே வேணாம்மா."

மார்ச் 18

கேள்வி எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 4

அண்ணனுக்கு மறுபடி வந்துவிட்டது. சின்னதுதான் என்கிறார் டாக்டர். சின்னதாம்!

ஏப்ரல் 23

"இப்ப நாம சொல்றதே அவருக்கு முழுசாப் போய்ச் சேரலைங்க" என்று அந்தப் பயிற்சிப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

வார்த்தைதான் சிக்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஆள் அப்படியே இருக்கிறார் – அந்த ஒரு நம்பிக்கையில்தான் இத்தனை நாள் ஓட்டினேன். இனி எதை எளிதாக்குவது? கேள்வியே போய்ச் சேராதவருக்கு எந்தப் படத்தை வெட்டி ஒட்ட?

ஒண்ணும் புரியல. ஒண்ணுமே புரியல எனக்கு.

மே 20, திங்கள்

அண்ணி கடைக்கே வந்துவிட்டார். கண்ணாடி மாற்ற என்று வந்தவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"வீடு இழவு வீடு மாதிரி கிடக்கு. அவருக்காக இல்ல, எனக்காக வந்து நாலு கேள்வி கேளேன். யாராவது சிரிச்சு எவ்வளவு நாளாச்சு!"

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 14

ரொம்ப நாளைக்குப் பிறகு சும்மா வேடிக்கைக்காக எழுதினேன். பதில் தெரியாதவர்களும் துணிந்து உளற வேண்டும், அதுதான் நல்ல கேள்வி. எழுதும்போது ஓரிடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. உடனே குற்ற உணர்ச்சி.

ஜூன் 16, ஞாயிறு

மகள் வெள்ளைப் பலகையில் எல்லோர் பெயரையும் எழுதினாள். அண்ணன் அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "அவரே மார்க் போடட்டும், விடுடி" என்றார் அண்ணி.

"தேனீக்கு எத்தனை கண்ணு?"

"ரெண்டு!" என்று முந்திக்கொண்டார் என் வீட்டுக்காரர்.

"அஞ்சு, மாமா" என்றாள் மகள்.

அவள் சொன்னதுதான் சரி என்று நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். காலை இழுத்து இழுத்துப் பலகை வரை போய், என் வீட்டுக்காரர் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார்.

"அப்பா! அழுகுணி ஆட்டம்!" என்று மகள் கத்தினாள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிடு போட்டார். எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார், தோள் குலுங்க.

மச்சானுக்கு விட்டுக்கொடுத்தாரா? அஞ்சு என்று தெரிந்துதான் செய்தாரா? இல்லை, எதுவும் தெரியாமல், யார் முதலில் கத்தினார்களோ அவர்களுக்குப் போட்டாரா?

அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான்தானே கேள்வி கேட்கிறவள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் அடுத்த கேள்வியைப் படித்தேன்.