உலைச்சுவரின் சராசரி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம்.

கண்ணாடிக் கம்பியை வளைத்தால் வெளிச்சம் ஏன் வெளியே சிந்துவதில்லை என்று ஏழாம் வகுப்பில் என்னைக் கேட்டாய். எனக்கும் தெரியவில்லை, புத்தகம் பார்த்து மறுநாள் சொன்னேன். அந்தக் கேள்வியே உன் தொழிலானதில் எனக்குப் பெருமைதான். தம்பி வேலை பார்க்கும் உருக்காலையில், உலைச்சுவரின் செங்கல்லுக்குப் பின்னால் சூடு பார்க்கும் கண்ணாடி இழையை நீ பதித்தபோது, "எங்க அக்கா வெச்சது, பொய் சொல்லாது" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அவனுடைய வெந்த இடது கையின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன; இன்னொரு ஆபரேஷன் வேண்டுமாம். ஊட்டிவிட்டால், "போதும் டீச்சர், ஹோம்வொர்க் குடுத்துடாதீங்க" என்கிறான். பக்கத்துக் கட்டில்காரர் சிரிக்கிறார்.

நேற்று ஃபோர்மேன் வந்து, விபத்தைப் பற்றிய உன் கம்பெனி அறிக்கையின் நகலைக் காட்டினார். இழையில் குறையில்லை, பணியாளர் திரையைக் கவனிக்கவில்லை என்று இருக்கிறது. கீழே உன் பெயர். கையெழுத்து மட்டும் பாக்கி. "உங்க பொண்ணு போட்டுட்டா இவன் வேலை போச்சும்மா, கேஸும் வரும்" என்றார். தம்பி, "அக்கா போடமாட்டா, போங்கண்ணே" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன வருஷம் நீதான் போனில் சொன்னாய்: "சும்மா சும்மா அலாரம் அடிச்சு உலை நிக்குதுன்னு மேனேஜர் கத்துறார்மா. இருநூறு இடத்துச் சூட்டையும் ஒரே சராசரியாக்கிட்டேன்." நல்லதுதான் என்றேன். நாற்பது பிள்ளைகளின் சராசரி அறுபது என்றால், அதில் ஒருவன் பூஜ்யம் வாங்கியது தெரியாது. முப்பது வருஷம் மதிப்பெண் போட்ட எனக்கு அன்று அது உறைக்கவில்லை.

ஓரிடத்தில் முந்நூறு டிகிரி ஏறியபோது திரையில் ஏறியது ஒன்றரை டிகிரி. விபத்துக்கு மறுநாள் நீயே அழுதுகொண்டு சொன்ன கணக்கு. தம்பி திரையைப் பார்த்தபடிதான் நின்றிருக்கிறான், சுவர் உடைந்து உருகிய இரும்பு பாயும்வரை. இந்தச் சராசரிக் கணக்கு அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீயும் அழைக்கவில்லை.

உன் வீட்டுக்காரருக்கும் வேலையில்லாத நேரம், தெரியும். உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட முடிந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருக்கும்.

நீயும் தம்பியும் இரண்டு பேருமே நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒன்று மட்டும் செய்து பார். தம்பிக்குப் போன் செய். நான் போனை அவன் காதில் பிடித்துக்கொள்கிறேன். அந்த அறிக்கையை முதல் வரியிலிருந்து அவனுக்கு வாசித்துக் காட்டு.

அம்மா